அரக்கும் பச்சையும் அவனுக்கு ஒன்றுதான்

(வாசகர் கேள்விக்குக் கண் மருத்துவர் பதில்)

பட்டு நெசவு நடக்கிற ஓர் ஊரிலிருந்து ஒரு தாயார் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிட்டேன்.

வீட்டில் மூன்று தறி. மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். தீபாவளி ஆர்டர் ஒன்று, அரக்கு உடல், பாட்டில் பச்சை பார்டர். அப்பா வெளியூர் போயிருந்த ஒரு மாலை பையன் தானாகத் தறியில் உட்கார்ந்து நாலு விரற்கடை நெய்து வைத்தான். காலையில் பார்த்தால், அரக்குத் தார் (நூல் சுற்றிய குச்சி) இருக்க வேண்டிய நாடாவில், அதாவது தறியில் குறுக்கே ஓடும் ஓடத்தில், பச்சைத் தார். அப்பா அடித்துவிட்டார். "போனைப் பார்க்கிற கண்ணுக்கு நூல் தெரியாதா?" என்று கத்தல் வேறு. வேதியியல் செய்முறையிலும் மதிப்பெண் போயிருக்கிறது. பிறகு பள்ளியில் கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் புள்ளிப் புள்ளியாக எண் எழுதிய புத்தகத்தைக் காட்டியபோது, எல்லோரும் 74 என்று படித்த பக்கத்தில் இவன் 21 என்றான். "கலர் பிளைண்ட்" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அம்மாவின் கேள்விகள்: நமக்குச் சிவப்பாகத் தெரிவது அவனுக்குப் பச்சையாகத் தெரிகிறதா? இது என் வழியில் வந்தது என்கிறார் மாமியார், அது உண்மையா? நாற்பதாயிரம் ரூபாய்க் கண்ணாடி வாங்கலாமா? சின்ன வயதிலிருந்தே ரயில் ஓட்ட வேண்டும் என்கிறானே, என்ன சொல்வது? மகளை என் தம்பி மகனுக்குக் கேட்கிறார்கள், சொந்தத்தில் செய்தால் இது கூடுமா? கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "என் அப்பாவும் நெசவாளிதான், நூல் கண்டுகளில் முடிச்சுப் போட்டு வைப்பார், அது அவர் பழக்கம், அவர் கண்ணில் குறை எதுவும் கிடையாது."

அந்தக் கடைசி வரியை நான் மூன்று தடவை படித்தேன் அம்மா. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் பையன் பொய் சொல்லவில்லை, கவனக்குறைவும் இல்லை. மாலை நேரத்து டியூப் லைட்டில் அடர்ந்த அரக்கையும் பாட்டில் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவனுக்கு இரண்டும் ஒரே மாதிரி கறுத்த தவிட்டு நிறமாகத்தான் தெரிந்திருக்கும். நாம் இரண்டு தார் பார்க்கிற இடத்தில் அவன் ஒன்றின் இரண்டு பிரதிகளைப் பார்க்கிறான். அடித்தால் கண் மாறாது. உங்கள் கணவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, வாழ்நாள் முழுக்க நிறத்தை வைத்துச் சோறு தின்கிற மனிதருக்கு, தன் கண்ணுக்கு முன்னால் பளிச்சென்று இருப்பது இன்னொருவருக்குத் தெரியவில்லை என்றால் அது திமிராகத்தான் தோன்றும். நாக்கை வைத்து யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1931-ல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது, பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது கசக்கிறது என்று முகம் சுளிக்க, ஃபாக்ஸ் அதே பொடியைத் தின்றே பார்த்தும் ஒரு சுவையும் இல்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கசப்பை உணரும் ஒரு மரபணு இருவருக்கும் வேறு வேறாக இருந்தது, அவ்வளவுதான். பாகற்காய்ப் பொரியலுக்கு ஒரே வீட்டில் சண்டை வருவதிலும் இந்த மாதிரி மரபணுக்களுக்குப் பங்கு உண்டு.

சிவப்பு பச்சையாகத் தெரிகிறதா?

இல்லை. நிறங்கள் இடம் மாறவில்லை, சில நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை, நீண்ட அலைக்கு ஒன்று, நடு அலைக்கு ஒன்று, குறுகிய அலைக்கு ஒன்று. முதல் இரண்டும் தரும் தகவலை ஒன்றோடொன்று கழித்துப் பார்த்துத்தான் மூளை சிவப்பையும் பச்சையையும் பிரிக்கிறது. இந்த இரண்டில் ஒன்று பிறவியிலேயே இல்லாமல் போனாலோ, மற்றதைப் போலவே வேலை செய்தாலோ, கழிக்க ஒன்றும் மிஞ்சாது. நீலமும் மஞ்சளும் அவனுக்கு நன்றாகவே தெரியும். மாம்பழ மஞ்சளையும் எம்.எஸ். நீலத்தையும் அவன் ஒருநாளும் குழப்பியிருக்க மாட்டான், கேட்டுப் பாருங்கள். அவனுக்குச் சிக்கல் அரக்கு, பச்சை, காப்பிப்பொடி நிறம் இந்த வரிசையிலும், வாடாமல்லிக்கும் நீலத்துக்கும் நடுவிலும், வெளிறிய ரோஜா நிறத்துக்கும் சாம்பலுக்கும் நடுவிலும்தான் இருக்கும். செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போனதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் வெளிறிய இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டும், அந்த இளஞ்சிவப்பு அவன் கண்ணில் தண்ணீராகவே இருந்திருக்கும், நிறுத்தாமல் சொட்டிக்கொண்டே போயிருப்பான். வேதியியல் ஆசிரியரிடம் சீட்டைக் காட்டி, முடிவு நிலையை உறுதி செய்ய ஒருவர் உதவலாமா என்று இப்போதே கேளுங்கள், தேர்வு அன்று கேட்டால் நடக்காது.

சரி, அந்தத் தவிட்டு நிறம் அவனுக்கு உள்ளுக்குள் "எப்படி" இருக்கிறது என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், அது எந்த மருத்துவருக்கும் தெரியாது. எந்த இரண்டு நிறங்களை ஒருவரால் பிரிக்க முடிகிறது என்பதைத்தான் அளக்க முடியும், அந்த நிறம் அவருக்குள் எப்படி உணரப்படுகிறது என்பதை அளக்கக் கருவி இல்லை. ஊதாப் பூ எனக்குத் தருகிற உணர்வைச் சாமந்தி உனக்குத் தந்தால், இருவரும் அதே சொற்களைப் பேசிக்கொண்டு கடைசிவரை கண்டுபிடிக்காமலே போய்விடலாமே என்று ஜான் லாக் என்ற தத்துவ அறிஞர் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேட்டார். இன்றைக்கும் அதற்கு முழுப் பதில் இல்லை. ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் உண்டு: மிக அபூர்வமாக ஒரு கண் மட்டும் குறையோடும் மறுகண் சரியாகவும் இருப்பவர்கள் கிடைத்திருக்கிறார்கள். குறையுள்ள கண்ணில் உலகம் பெரும்பாலும் மஞ்சளும் நீலமுமாக இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். அதைத்தான் உங்கள் மகனுக்கும் உத்தேசமாகச் சொல்ல முடியும்.

"சரியான கண்" உள்ளவர்களும் ஒன்றுபோலப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1881-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு சிவப்பு ஒளியையும் பச்சை ஒளியையும் கலந்து ஒரு மஞ்சளுக்கு ஈடு செய்யும் சோதனை நடத்தியபோது, அவருடைய மச்சினர்கள் சிலர் கலந்த கலவை மற்றவர்களுக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. இன்றும் நாங்கள் அந்தச் சோதனையின் கருவி வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறோம். புரை அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்ததும், "இந்தச் சேலை இவ்வளவு நீலமா?" என்று மடிப்பைத் தூக்கிப் பார்க்கிற பாட்டிகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். அவர்களின் லென்ஸ் வருஷக்கணக்காகப் பழுத்து மஞ்சளாகி நீல ஒளியை வடிகட்டிக்கொண்டிருந்தது, அவர்களுக்கே தெரியாது. 2015-ல் ஒரு கவுனின் புகைப்படம் உலகத்தையே நீலம்-கறுப்புக் கட்சி, வெள்ளை-தங்கக் கட்சி என்று பிரித்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே திரை, ஒரே படம். மருத்துவர்கள் அறையிலும் அன்றைக்குச் சண்டைதான்.

நூலும் ரயிலும்

1875-ல் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஹோல்ம்கிரென் என்ற உடலியல் பேராசிரியர், ஓட்டுநர் தரப்பில் யாருக்கோ சிவப்பு-பச்சைக் குழப்பம் இருந்திருக்கலாம் என்று வாதாடினார். அந்த விபத்துக்கு உண்மையில் அதுதான் காரணமா என்று பிற்கால ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள், ஆனால் அதிலிருந்து ரயில்வேக்களில் நிறப்பார்வைச் சோதனை வேரூன்றிவிட்டது. அவர் சோதனைக்கு எதைப் பயன்படுத்தினார் தெரியுமா? கம்பளி நூல் கண்டுகள். மேஜையில் பல நிறக் கண்டுகளைக் குவித்து, இந்தப் பச்சைக்கு ஒத்ததையெல்லாம் எடு என்பார். குறை உள்ளவர்கள் பச்சையோடு சாம்பலையும் தவிட்டையும் சேர்த்து எடுப்பார்கள். உங்கள் வீட்டுத் தறியில் அன்று மாலை நடந்தது ஹோல்ம்கிரென் சோதனை அம்மா, பையன் அதில் தோற்றான், யாருக்கும் அது சோதனை என்று தெரியவில்லை.

பையனுக்கு ரயில் ஆசை இருப்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். லோகோ பைலட், துணை லோகோ பைலட் வேலைகளுக்கு ஏ-1 மருத்துவத் தகுதி வேண்டும், அதில் நிறப்பார்வை கட்டாயம். ஸ்டேஷன் மாஸ்டருக்கும் நிறப்பார்வை கட்டாயம்தான். இதில் சலுகை எதிர்பார்க்காதீர்கள், எதிர்பார்க்கவும் கூடாது என்பது என் கருத்து, இரவில் மழையில் தூரத்து விளக்கு ஒன்றின் நிறத்தை நம்பி ஆயிரம் பேரை இழுத்துப் போகிற வேலை அது. ரோட்டு சிக்னலில் மேலே சிவப்பு கீழே பச்சை என்று இடத்தை வைத்துச் சமாளிக்கலாம், ஒற்றை விளக்கில் இடம் ஏது? பள்ளியில் காட்டிய அந்தப் புள்ளிப் புத்தகத்தின் (இஷிஹாரா என்று பெயர்) எண்களை மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புத்தகம் 1917-லிருந்து இருக்கிறது, மனப்பாடம் செய்து வருகிறவர்களும் அன்றிலிருந்து இருக்கிறார்கள், விளக்குச் சோதனை என்று இன்னொன்றும் வைத்திருக்கிறார்கள். அந்த மனப்பாட யோசனையைப் பையனிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

மூடின கதவு அது ஒன்றுதான் என்று நினைக்கிற மாதிரியும் இல்லை. விமானம், கப்பல், ராணுவம், காவல் என்று பல இடங்களில் நிறப்பார்வை கேட்பார்கள், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அறிவிப்பின் மருத்துவப் பகுதியைப் படியுங்கள், எழுத்துத் தேர்வு எழுதி முடித்து மருத்துவச் சோதனையில் திரும்பி வருகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

உரிமை எங்கே இருக்கிறது

அவனால் மருத்துவமும் மின் பொறியியலும் படிக்க முடியாது என்று பள்ளியில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை. எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நிறப்பார்வைக் குறையை மட்டும் காரணம் காட்டித் தடுப்பதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, 2017-லேயே அந்த வழக்கு முடிந்தது. நம் மாநிலத்து வழக்கு ஒன்றும் இருக்கிறது: மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வான ஒருவரை மருத்துவச் சோதனையில் நிறக்குறை தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள், வழக்கு உயர் நீதிமன்றத்தில் மேலும் கீழும் போய், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பொருந்துகிற இடத்தில் பணி கொடுக்கச் சொன்னது. மின்வாரிய வேலை என்றாலே வயர் நிறம் பார்க்கிற வேலை மட்டும்தானா, பொறியாளர் செய்கிற மற்ற வேலைகள் இல்லையா என்பதுதான் அங்கே விஷயம். ஆனால் இதை வைத்து இட ஒதுக்கீடு கிடைக்கும் என்று யாராவது சான்றிதழ் வாங்கித் தருவதாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் நிறக்குறை இல்லை. ஓட்டுநர் உரிமம் பற்றிக் கவலை வேண்டாம், 2020-ல் விதியைத் திருத்தி, லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்களுக்கு உரிமம் தரலாம் என்று ஆக்கிவிட்டார்கள், கடுமையான குறைக்குத்தான் இன்னும் தடை.

அதனால்தான் "எவ்வளவு" என்பது முக்கியம். பள்ளியில் வைத்த சோதனை ஆம், இல்லை என்று மட்டும்தான் சொல்லும். ஒரு கண் மருத்துவமனையில் முழுச் சோதனை செய்து, எந்த வகை, எந்த அளவு என்று எழுதி வாங்குங்கள்.

கண்ணாடி, சொட்டு மருந்து

நாற்பதாயிரம் ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடிகள் சில அலைநீளங்களை வடிகட்டுகின்றன, அதனால் சில நிறங்களுக்கு இடையே வேறுபாடு கூடித் தெரியும், பட்டு நூல் பிரிக்கச் சில பேருக்குக் கொஞ்சம் உதவவும் செய்யலாம், ஆனால் இல்லாத கூம்புச் செல்லைக் கொடுக்காது, ஒளியைக் குறைப்பதால் இரவில் தொல்லை, மருத்துவச் சோதனைக்கு அதைப் போட்டுக்கொண்டு உட்காரவும் விடமாட்டார்கள். போட்டுப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். சொட்டு மருந்து, லேகியம், கண் பயிற்சி எதுவும் இதை மாற்றாது. 2009-ல் அணில் குரங்குகளுக்கு மரபணுவைச் செலுத்திச் சிவப்பு-பச்சைப் பிரிவினையை வரவழைத்துக் காட்டினார்கள், மனிதருக்கு இந்தக் குறைக்கு இன்னும் அப்படி ஒரு சிகிச்சை வரவில்லை. ஆறுதல் என்னவென்றால் பிறவிக் குறை வயதோடு கூடாது. பெரியவர்கள் யாருக்காவது நிறம் புதிதாக மங்கினால், அதுவும் ஒரு கண்ணில் மட்டும் மங்கினால், அல்லது காசநோய்க்கு எதாம்பியூட்டால் மாத்திரை சாப்பிடும்போது மங்கினால், அது வேறு சங்கதி, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

யார் வழியில் வந்தது

மாமியார் சொன்னது உயிரியல்படி சரி, தொனி தப்பு. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் வருகிறது. மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து, ஒய் அப்பாவிடமிருந்து. ஆகவே உங்கள் கணவரிடமிருந்து மகனுக்கு இது வந்திருக்க வழியே இல்லை. உங்களிடம் இரண்டு எக்ஸ், ஒன்றில் குறை, மற்றது நன்றாக இருப்பதால் நீங்கள் தெளிவாகப் பார்க்கிறீர்கள். எது போக வேண்டும் என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, காசைச் சுண்டிப் போடுகிற மாதிரி.

இனி அந்த முடிச்சு. நிறத்தின் பெயரைக் கண்ணால் சொல்ல முடிகிற நெசவாளி கண்டில் முடிச்சுப் போட வேண்டிய அவசியம் என்ன? அரக்குக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு, இப்படி ஏதாவது கணக்கு இருந்திருக்கும், உங்கள் அம்மா உயிரோடு இருந்தால் கேளுங்கள். பெரியவருக்குத் தன் கண் தெரிந்திருக்கிறது, பெயர்தான் தெரியவில்லை. ஆங்கிலேய வேதியியலாளர் ஜான் டால்டன் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1792-ல் ஜெரேனியப் பூ ஒன்று பகலில் நீலமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிய, நண்பர்களைக் கேட்டார், யாருக்கும் அப்படித் தெரியவில்லை, அவர் அண்ணனைத் தவிர. தன் கண்ணுக்குள் இருக்கும் நீர் நீலமாக இருக்க வேண்டும், செத்தபின் பாருங்கள் என்று சொல்லி வைத்தார். 1844-ல் பார்த்தார்கள், நீர் தெளிவாக இருந்தது. மிச்சம் வைத்திருந்த கண் திசுவிலிருந்து 1995-ல் டி.என்.ஏ. எடுத்தபோதுதான் நடு அலைக் கூம்பு அவருக்கு இல்லை என்று தெரிந்தது. அவ்வளவு பெரிய மனிதர் விஷயத்திலேயே, அவர் செத்து 150 வருஷம் கழித்துத்தான் காரணம் புரிந்தது.

"என் தம்பிக்கு இல்லையே, அப்பாவிடமிருந்து எப்படி?" என்று நீங்கள் கேட்கக்கூடும். தம்பிக்கு அப்பா கொடுத்தது ஒய், எக்ஸ் உங்கள் அம்மாவிடமிருந்து வந்தது. மகளாகிய உங்களுக்குத்தான் அப்பா தன் ஒரே எக்ஸைக் கொடுத்தாக வேண்டும். தங்கை இருந்தால் அவளுக்கும் அப்படியே. ஆகவே கல்யாண விஷயத்தில், உங்கள் தம்பி வீட்டுச் சம்பந்தத்தால் இந்தக் குறை கூடாது, தம்பி மகனுக்கு அவன் அப்பா கொடுத்ததும் ஒய்தான். உங்கள் மகள் இதைச் சுமக்கிறவளாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, இருந்தால் அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி, மாப்பிள்ளை யாராக இருந்தாலும் இதே கணக்கு. ஆனால் தாய்மாமன் மகன் என்பது நெருங்கிய ரத்தம், வேறு மரபணு நோய்களுக்கு அங்கே வாய்ப்பு கூடும், அதற்காக மரபணு ஆலோசகரை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நிறக்குறையை மறைக்கவும் வேண்டாம், தட்டு மாற்றும்போது அறிவிக்கவும் வேண்டாம்.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்கிறேன். மகனுடையது கூம்பு இல்லாத வகையாக இல்லாமல், கூம்பு உணரும் அலை கொஞ்சம் நகர்ந்துபோன வகையாக இருந்தால், உங்கள் விழித்திரையில் மூன்றுக்குப் பதில் நான்கு வகைக் கூம்பு இருக்கலாம். அப்படிப்பட்ட தாய்மார்களை இங்கிலாந்தில் சோதித்ததில் ஒருவர் மட்டும் உண்மையாகவே மற்றவர்களுக்குத் தெரியாத வேறுபாடுகளைப் பிரித்தார், 2010-ல் வெளிவந்த ஆய்வு அது. ஊரில் சேலைக்கு ரவிக்கைத் துணி பொருத்த உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. பந்தயம் கட்ட மாட்டேன், அபூர்வம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: வீட்டில் யாரும் அவனிடம் எதையாவது தூக்கிக் காட்டி "இது என்ன கலர்?" என்று கேட்பதை நிறுத்துங்கள், வருகிற உறவுக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், வாழைப்பழத்திலிருந்து ஆரம்பித்து. போனில் நிறத்தின் பெயரைச் சொல்லும் ஆப் இருக்கிறது, அவனுக்கே தெரிந்திருக்கும். தறியில் உட்கார ஆசைப்பட்டால் உட்காரட்டும், தாத்தா உட்கார்ந்த தறிதானே. சோதனைக்கு வரும்போது உங்கள் கணவரையும் அழைத்து வாருங்கள். அந்த அரக்குத் தாரையும் பச்சைத் தாரையும் பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். நிறக்குறை உள்ளவர் கண்ணுக்கு உத்தேசமாக எப்படித் தெரியும் என்று காட்டுகிற ஒரு வடிகட்டியை என் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன், கேமரா முன்னால் இரண்டையும் பிடித்து, எது அரக்கு என்று நான் அவரிடம் கேட்க வேண்டும்.